பின்னால் வரும் வண்டி

ஆமையார் ஓட்டும் வண்டியில் ஏறியவர்களில் ஒருவர்கூட இதுவரை அவரைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. சொல்லவும் வழியில்லை. அவர் ஓட்டுவது அமரர் ஊர்தி.

இந்த நகைச்சுவையை அவரிடம் சொல்லாத ஆளே கிடையாது. முடிவெட்டுபவர், பெட்ரோல் போடும் பையன், மாடிவீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் தாமே புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோலச் சிரித்து வைப்பார். ஆமையார் என்ற பெயரை வைத்தது ஊர்தி நிலையத்தில் அவரோடு வேலை பார்க்கும் ஓட்டுநர்கள். வெறும் ஆமை என்று கூப்பிட அவர்களுக்கே மனசு வரவில்லை. மரியாதையாக ஒரு வாலைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அந்த வேகத்தைக் கேலி செய்யமாட்டார்கள். மறுநாள் போகவேண்டிய பாதையை முந்தின நாள் மாலையே தன் சொந்தக் காரில் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுவார். எங்கே தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எந்தத் தெருவில் புதிதாக வேகத்தடை முளைத்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடம் எப்போது விடும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. பிரேக்கை அவர் மிதிப்பார் என்று சொல்லக்கூடாது, தடவிக்கொடுப்பார். பெட்டியின்மேல் வைத்த மலர்வளையம் வைத்த இடத்திலேயே இருக்கும். உள்ளே உட்கார்ந்து அழுகிறவர்கள் ஒரு குலுக்கலுக்காகக்கூட அழுகையை நிறுத்த வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் வரும் வண்டி ஒன்றைக்கூட அவர் விட்டுவிட்டுப் போகமாட்டார். சொந்தக்காரர்களின் கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக வரும்போது சிக்னல் நடுவில் புகுந்து வெட்டிவிடும். ஆமையார் சந்திப்பைத் தாண்டியதும் ஓரங்கட்டி நிற்பார். கடைசி வண்டி கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் நகர்வார். பின்னால் யார் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் சரி.

அதற்குக் காரணம் இருந்தது. தளவாடக் கடை லாரியை விட்டுவிட்டு அவர் இந்த வேலைக்கு வந்த புதிதில், வேறொரு ஓட்டுநர் கூட்டிப்போன ஊர்வலத்தில் ஒரு மகன் சிக்னலில் மாட்டிக்கொண்டான். வழி தெரியாமல் எங்கெங்கோ சுற்றி அவன் வந்து சேர்ந்தபோது, அவனுடைய அம்மாவின் காரியம் எல்லாம் முடிந்திருந்தது. கார் கதவைக்கூடச் சாத்தாமல் அவன் மயான வாசலில் நின்ற நிலையை ஆமையார் பார்த்தார். தன் வண்டிக்குப் பின்னால் வருகிற எவனுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தார். அதில் அவருக்குப் பெருமைதான். வெளியே சொல்லிக்கொள்ளாத பெருமை.

அவருக்கு ஒரே மகள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, "உங்கப்பா என்ன வண்டி ஓட்டுறார்?" என்று கேட்டதற்கு, "எல்லாரும் ஒதுங்கி வழிவிடுற வண்டி, டீச்சர்" என்று சொன்னாளாம். யாரோ மந்திரியின் வண்டி என்று நினைத்துக்கொண்டு அந்த ஆசிரியை கொஞ்ச நாள் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். விஷயம் தெரிந்தபிறகும் அந்த வழக்கத்தை விட முடியவில்லை என்பது வேறு கதை.

பள்ளி முடிந்த கையோடு, வீட்டில் யாரிடமும் கேட்காமல், மகள் ஆம்புலன்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டாள். இடமும் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. வகுப்பு தொடங்குகிற அன்று கையில் கார் ஓட்டும் லைசென்ஸ் இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

ஆமையாரின் மனைவி அழகு நிலையம் வைத்திருப்பவள். கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது அவள் வாயும் அதே வேகத்தில் வேலை செய்யும். "அப்பா போனவங்கள ஏத்திட்டுப் போறாரு. மக, போகவிடாம ஏத்திட்டு வரப்போறாளாம். ஒரே வீட்டுக்குள்ள இப்படியா தொழில் போட்டி!" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லும்போது குரலில் பெருமை வழிந்தது.

ஆமையாருக்குக் கால் தரையில் பாவவில்லை. வண்டி கழுவுகிறவரிடம் சொன்னார். மலர்வளையம் கட்டுகிற அம்மாவிடம் சொன்னார். மறுநாள் காலையில் தன் வண்டியில் பின்னால் படுத்திருந்தவரிடமும் சொன்னார். அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை.

யார் கற்றுக்கொடுப்பது என்பதில்தான் சண்டை வந்தது. ஆமையாரின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, பார்சல் வேன் ஓட்டுபவன். அவன் வேனை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. பார்சலைக் கொடுக்கும்போதுகூட அது உறுமிக்கொண்டேதான் இருக்கும்.

"அக்கா, இவளுக்கு நான் கத்துத் தர்றேன்" என்றான் அவன். "அத்தான் கத்துக்கொடுத்தா இவ லைசென்ஸ் வாங்குறதுக்குள்ள பேரன் பேத்தி எடுத்துடுவா."

"மச்சான், உன் வேன்ல ஏறுற பார்சல் எல்லாம் சாமி கும்பிட்டுட்டுத்தான் ஏறுதாம். என் பொண்ணு உன்கிட்ட வேணாம்" என்றார் ஆமையார்.

"நான் அப்பாகிட்டயே கத்துக்கிறேன்" என்று மகள் சொன்னதும் பேச்சு முடிந்தது. ஆமையார் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மொத்த வியாபாரக் கிடங்குக்குப் பின்னால், லாரிகள் வராத விடுமுறை நாட்களில், பெரிய வெற்றிடம் கிடக்கும். அங்கே அவர்களுடைய பழைய வெள்ளைக் கார் சுற்றிச் சுற்றி வந்தது. மகள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். கிளட்சும் கியரும் அவளுக்கு ஒரு வாரத்தில் சொன்னபடி கேட்டன. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சின்னப் பிள்ளையில் இருந்தே, மறுநாள் பாதையைப் பார்க்க அப்பா கிளம்பும் மாலைகளில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கூடவே போனவள். மற்றப் பிள்ளைகள் பூங்காவுக்குப் போனார்கள், இவள் வேகத்தடை பார்க்கப் போனாள்.

"பிரேக்க மிதிக்காதம்மா. நிக்கப்போறோம்னு அதுகிட்ட மெதுவா சொல்லு" என்பார் ஆமையார். "பின்னாடி பாரு. பின்னாடி வர்றவங்க மனசு நமக்குத் தெரியணும். பாத்துக்கிட்டே இரு."

தேர்வுக்குப் போனபோது அவருக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. லைசென்ஸ் ஆபீஸின் வளாகத்தில் வேலியோரம் நின்றார். நட்டு வைத்த கம்பங்களுக்கு நடுவே அவள் கார் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரிடம், "நம்ம பொண்ணுதான்" என்றார். பிறகு கார் பெரிய சாலைக்குப் போயிற்று. திரும்பி வந்தபோது தேர்வு அதிகாரி அம்மா முதலில் இறங்கினார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"யாரு இந்தப் பொண்ணுக்குக் கத்துக் கொடுத்தது?"

ஆமையார் முன்னால் வந்தார்.

"என்னங்க கத்துக் கொடுத்திருக்கீங்க? கை சுத்தம், கால் சுத்தம், நானே அசந்துட்டேன். ஆனா சிக்னலத் தாண்டினதும் ஓரமா நிறுத்திட்டா. ஏம்மான்னு கேட்டா, பின்னாடி வந்த வண்டி சிக்னல்ல மாட்டிக்கிச்சு மேடம், வரட்டும்ங்கிறா. பின்னாடி வந்தது யாரு தெரியுமா? தக்காளி ஏத்திட்டுப் போற ஆளு! அடுத்த சிக்னல்லயும் அதே கதை. நடு ரோட்டுல காரணமில்லாம நிறுத்தினா நான் எப்படிங்க பாஸ் போடுறது?"

மகள் காரைவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதெல்லாம் சிவந்திருந்தது. ஆமையாருக்கு யாரோ பொது இடத்தில் வைத்துக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எந்தக் காரியத்தைத் தன் தொழிலின் உயிர் என்று நினைத்தாரோ, அதுவே மகளின் காலை வாரிவிட்டது.

அன்று வீட்டில் மனைவி கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவருக்கு அதிக பயத்தைக் கொடுத்தது. வகுப்பு தொடங்குவதற்குமுன் இன்னும் ஒரே ஒரு தேர்வுக்குத்தான் நாள் கிடைத்தது. அதிலும் கோட்டைவிட்டால் ஆம்புலன்ஸ் கனவு அவ்வளவுதான். மகள் சாப்பிடாமல் அறைக்குப் போனாள். ஆமையார் சாப்பிட உட்கார்ந்து, சோற்றைக் கிளறிவிட்டு எழுந்தார்.

மறுநாள் மச்சினனைக் கூப்பிட்டார். "மச்சான், நான் தோத்துட்டேன். நீயே கத்துக்கொடு."

மச்சினன் எக்காளமிடுவான் என்று எதிர்பார்த்தார். அவன் சாவியை வாங்கிக்கொண்டு மகளைக் கூட்டிப்போனான். ஆனால் ஒரே மாலையில் முகம் வெளுத்துத் திரும்பி வந்தான்.

"அக்கா, குப்பை லாரிக்கு நின்னாக்கா! பின்னாடி வந்த குப்பை லாரி சிக்னல்ல மாட்டிக்கிச்சுன்னு ஓரங்கட்டி நின்னுட்டா. அது வந்து எங்களைத் தாண்டிப் போனப்ப, டிரைவர் எங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போறான்!"

"நான் என்ன வேணும்னா பண்றேன்?" மகளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "வேண்டாம்னு நெனச்சுக்கிட்டேதான் போறேன். சிக்னலத் தாண்டினதும் கை தானா ஓரங்கட்டுது. யாரையோ தவிக்க விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு."

கடைசி வார்த்தை ஆமையாரைத் தைத்தது. அவருக்குள்ளும் அதே உணர்ச்சிதான் இத்தனை காலம் வண்டி ஓட்டியது. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிடலாம். உள்ளே ஊறிப்போனதை எப்படி எடுப்பது? வண்டியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்ததைப் பார்த்து வண்டி கழுவுகிறவர் துணியைப் பிடுங்கி வைத்துவிட்டார். கடைசியில் ஒரு யோசனை வந்தது.

"மச்சான், நீ உன் வேன்ல எங்க பின்னாடி வா. எல்லாச் சிக்னல்லயும் வேணும்னே மாட்டிக்கோ. இவ உன்ன அம்போன்னு விட்டுட்டுப் போகணும். அதுதான் பாடம்."

"அத்தான், நான் சிக்னல்ல மாட்டிக்கிறதா? என் பேரு என்னாகுறது!" என்றான் மச்சினன். ஆனாலும் வந்தான்.

முதல் சந்திப்பு. மகள் தாண்டினாள். பின்னால் விளக்கு சிவந்தது. வேன் நின்றுவிட்டது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போனாள்.

"நிறுத்து, நிறுத்து! மாமா மாட்டிக்கிட்டாரு!" என்று ஒரு கத்தல்.

கார் நின்றது. மகள் மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கத்தியது அவர்தான். கழுத்தும் முழுசாகப் பின்பக்கம் திரும்பியிருந்தது.

"இப்ப நிறுத்தச் சொன்னது யாருப்பா?"

ஆமையார் கழுத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேன் வந்து பக்கத்தில் நின்றபோது இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "எனக்காக ஏன் நின்னீங்க?" என்று மச்சினன் வேறு அதட்டினான்.

பாடம் யாருக்கு என்பது அதன்பிறகு தெளிவாகிவிட்டது. அடுத்த சந்திப்பில் ஆமையார் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளையாட்டம் நேராகப் பார்த்து உட்கார்ந்தார். கார் தாண்டியது. வேன் மாட்டிக்கொண்டது. மகளின் கை ஓரங்கட்டும் பக்கம் கொஞ்சம் அசைந்து, திரும்பி வந்தது. கார் போய்க்கொண்டே இருந்தது.

"மாமா வரலையேம்மா" என்று முனகினார். அடக்க முடியவில்லை.

"வருவாருப்பா. அவருக்கு வழி தெரியும்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், கண்ணைச் சாலையைவிட்டு எடுக்காமல். ஆமையாருக்குச் சுருக்கென்றது. அவர் ஊர்வலத்தில் வருகிறவர்கள் துக்கத்தில் வருகிறவர்கள், அவர்களுக்கு வழி தெரியாது, அவர்களுக்காக நிற்பது சரி. ஆனால் உலகத்தில் பின்னால் வருகிற எல்லாரும் வழி தெரியாதவர்கள் இல்லையே. இது ஏன் தனக்கு இத்தனை காலமும் தோன்றவில்லை என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள், இதைச் சொன்னது தன் மகள் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அன்று முழுவதும் மச்சினனை ஊரிலுள்ள எல்லாச் சிக்னலிலும் விட்டுவிட்டு வந்தார்கள். அவனுடைய வாழ்நாளில் அவ்வளவு நேரம் அவன் எங்கேயும் நின்றதில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம், "ரெட் சிக்னல்ல நிக்கும்போதுதான் பாத்தேன், அந்த மார்க்கெட் முனையில ஒரு பெரிய மரம் இருக்குதுக்கா" என்றான்.

இரண்டாவது தேர்வு நாளில் ஆமையாருக்குக் காலையில் வேலை இருந்தது. மச்சினன்தான் மகளைக் கூட்டிப்போனான். வேலை முடிந்ததும் ஆமையார் காலி வண்டியை நிலையத்துக்குக் கொண்டுபோகாமல், மேலாளரிடம் சொல்லிவிட்டு, நேராக லைசென்ஸ் ஆபீஸுக்கு விட்டார். கறுப்பு அமரர் ஊர்தி வாசலில் வந்து நின்றதும் வரிசையில் நின்றவர்கள் கப்சிப். ஒருவர் சட்டென்று எழுந்து நின்றார். தேர்வுக்குக் காத்திருந்த ஒரு பெண், "இங்க ஃபெயிலானா இப்படியா பண்ணுவாங்க?" என்று தோழியிடம் கிசுகிசுத்தாள்.

மகளின் கார் அப்போதுதான் பெரிய சாலைக்குப் போயிருந்தது. அதே அதிகாரி அம்மாதான் பக்கத்தில். வாசலிலிருந்து பார்த்தால் சந்திப்பு தெரியும். ஆமையார் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைக் கார் சந்திப்பைத் தாண்டியது. ஒட்டினாற்போல் வந்த ரொட்டி வேன் சிவப்பு விளக்கில் மாட்டிக்கொண்டது. ஆமையாரின் வலது கால் தரையை அழுத்தியது. "நிக்காத. என் கண்ணுல்ல, நிக்காதம்மா" என்று வாய்விட்டே சொன்னார். மச்சினன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

வெள்ளைக் கார் நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. பக்கவிளக்குச் சிமிட்டாமல், நேராக, சாலையோடு சாலையாகப் போய் மறைந்தது.

திரும்பி வந்தபோது அதிகாரி அம்மாவின் முகத்தில் சிரிப்பு. "போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் சம்பந்தமே இல்லையே! இந்தத் தடவ யாரும்மா கத்துக்கொடுத்தது?"

மகள் வேலியோரம் நின்ற அப்பாவைக் கையால் காட்டினாள். "அதே ஆள்தான் மேடம்."

ஆமையாருக்கு அதன்பிறகு சிறிது நேரம் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. மச்சினன் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்க முயன்றதும், முடியாமல் விட்டதும், மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டதும் மட்டும் பிறகு நினைவிருந்தது. அவர் அழுதார் என்று மச்சினன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். தூசி என்று ஆமையார் சொல்கிறார். தூசிக்கு யாரும் அப்படி மூக்கைச் சிந்துவதில்லை.

மகள் புது லைசென்ஸைக் கையில் வாங்கியதும், காரில் மாட்டியிருந்த எல் பலகையைக் கழற்றி, மச்சினன் அதை நினைவுப் பொருளாக அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டான். காரில் மகள் தனியாக ஏறினாள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாமல் அவள் ஓட்டப்போவது அதுவே முதல்முறை.

"நீ முன்னாடி போம்மா. நான் பின்னாடியே வர்றேன்" என்றார் ஆமையார்.

வாழ்க்கையில் முதல்முறையாக அமரர் ஊர்தி இன்னொரு வண்டிக்குப் பின்னால் வரிசையில் வந்தது. முன்கண்ணாடி வழியே மகளின் பின்தலை தெரிந்தது. நன்றாகத்தான் ஓட்டினாள். பிரேக் விளக்கு எரிந்து அணைவதிலிருந்தே அந்தக் கால் எவ்வளவு பதமாக இறங்குகிறது என்று அவருக்குப் புரிந்தது. அது தன் கால் என்று நினைத்துக்கொண்டார். சந்திப்பு வந்தது. மகள் தாண்டினாள். அவர் நெருங்குவதற்குள் விளக்கு சிவப்பாகிவிட்டது. ஆமையார் நின்றார்.

பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து நின்ற ஒருவர் கறுப்பு வண்டியைப் பார்த்ததும் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆமையாரின் கண்கள் கலங்கியிருந்ததையும் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "யாருங்க?" என்று கேட்டார்.

"என் பொண்ணு" என்றார் ஆமையார், முன்னால் பார்த்தபடி, வாயெல்லாம் பல்லாக.

அந்த மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயய்யோ. என்ன வயசுங்க?"

"பதினெட்டுதான் ஆகுது!"

மனிதர் மோட்டார் சைக்கிளின் இன்ஜினையே அணைத்துவிட்டார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆமையாரின் தோளைத் தொட்டபிறகுதான் ஆமையாருக்கு விஷயம் உறைத்தது.

"அட, அது இல்லீங்க! வண்டி காலி வண்டி! என் பொண்ணு முன்னாடி கார்ல போறா. வெள்ளைக் கார். இன்னைக்குத்தான் லைசென்ஸ் வாங்கினா. நான் சிக்னல்ல மாட்டிக்கிட்டேன், அவ பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கா!"

மோட்டார் சைக்கிள்காரர் மூச்சை விட்டு, கழுத்தை நீட்டிச் சந்திப்புக்கு அப்பால் பார்த்தார். சாலையோரத்தில் எந்தக் காரும் நிற்கவில்லை.

"எங்கங்க, காணோமே?"

"காணாது" என்றார் ஆமையார். "நிக்கமாட்டா."